நிலக்கரிப் புகைக்கு வைத்த கெடு: 2015 முதல் 2025 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

2015 டிசம்பர் முதல் வாரம். பாரீஸில் உலக நாடுகள் கூடி காலநிலை ஒப்பந்தத்துக்கு இறுதி வடிவம் கொடுத்துக்கொண்டிருந்தன. சர்வதேச சூரிய ஆற்றல் கூட்டணியை இந்தியா அங்கே முன்னின்று தொடங்கியிருந்தது. அதே வாரத்தில், டிசம்பர் 7ஆம் தேதி, தில்லியில் மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம் ஓர் அறிவிக்கையை அரசிதழில் வெளியிட்டது. அனல் மின் நிலையங்களின் புகைபோக்கி வழியே எவ்வளவு கந்தக டை ஆக்சைடு, எவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடு, எவ்வளவு பாதரசம் வெளியே போகலாம் என்று இந்திய அரசு நாடு முழுவதற்கும் வரம்பு வைத்தது அதுதான் முதல் முறை. இரண்டே ஆண்டில், அதாவது 2017 டிசம்பர் 7க்குள், இயங்கிக்கொண்டிருக்கும் நிலையங்கள் எல்லாம் அந்த வரம்புக்குள் வந்துவிட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.

ஓர் அரசு சுற்றுச்சூழல் விஷயத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நாம் பாரீஸைத்தான் எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணக்கில் இந்தியா மோசமில்லை. மொத்த மின் உற்பத்தித் திறனில் 40 சதவீதத்தை 2030க்குள் புதைபடிவ எரிபொருள் அல்லாத மூலங்களிலிருந்து பெறுவோம் என்று 2015இல் சொன்னது. 2022இல் அதை 50 சதவீதமாக உயர்த்தியது. 2025இன் நடுவிலேயே அந்த 50 சதவீதத்தைத் தொட்டும் விட்டது. பொருளாதார வளர்ச்சியோடு ஒப்பிட்ட உமிழ்வுச் செறிவும் 2005ஐ விட 2020இல் 36 சதவீதம் குறைந்திருக்கிறது. இவை பெருமைப்படத்தக்க எண்கள், மறுக்க மாட்டேன். ஆனால் இவற்றில் 50 சதவீதம் என்பது நிறுவிய திறன். உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அந்த நிலக்கரியின் புகையை அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் சுவாசிக்கிறார்கள். அவர்களுக்கு அரசு கொடுத்த வாக்கு 2015 டிசம்பர் 7 அறிவிக்கை. அதில் தேதி இருந்தது, மில்லிகிராம் கணக்கில் அளவு இருந்தது, சட்டத்தின் பலம் இருந்தது. ஆகவே இந்த ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

வாக்கு என்ன

அதற்கு முன்னால் இருந்த விதி வேறு வகை. துகள்களுக்கு மட்டும் வரம்பு. கந்தகத்துக்கு வரம்பே இல்லை. அதற்குப் பதிலாகப் புகைபோக்கியின் உயரத்தைச் சொல்லியிருந்தார்கள். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகென்றால் 275 மீட்டர். 200 அல்லது 210 மெகாவாட்டிலிருந்து 500க்குள் என்றால் 220 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு அடுக்கினாலும் 275 மீட்டரை எட்டாது. அவ்வளவு உயரத்தில் விட்டால் புகை பரவி, நீர்த்து, தரையில் இருப்பவரின் மூக்குக்கு வந்து சேரும்போது செறிவு குறைந்திருக்கும் என்பதே அந்த விதியின் தர்க்கம். நச்சின் அளவு அதனால் ஒரு கிராம்கூடக் குறையாது. விழும் இடம் மட்டும் தள்ளிப்போகும்.

2015 அறிவிக்கை அந்தத் தர்க்கத்தைக் கைவிட்டது. எவ்வளவு உயரத்தில் விடுகிறாய் என்று கேட்பதை விட்டு, எவ்வளவு விடுகிறாய் என்று கேட்டது. 2016 முடிவதற்குள் நிறுவிய அலகுகளில் 500 மெகாவாட்டுக்குக் கீழ் இருப்பவற்றுக்கு ஒரு கன மீட்டர் வாயுவில் 600 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு. 500ம் அதற்கு மேலும் என்றால் 200. 2017 ஜனவரி முதல் வருபவற்றுக்கு 100. நைட்ரஜன் ஆக்சைடுக்கும் இப்படியே வயதுவாரியாக 600, 300, 100. 2004க்கும் 2016க்கும் இடையே வந்த நிலையங்களுக்கு வைத்த அந்த 300ஐப் பின்னால் 2020இல் 450 ஆகத் தளர்த்தினார்கள். அது தனிக்கதை. இங்கே நான் கந்தகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் பணமும் சண்டையும் அங்கேதான்.

ஓர் அலகை எடுத்து எண்ணிப் பார்த்தால் விஷயம் கைக்கு வரும். 500 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 1.2 கோடி யூனிட். யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் இந்திய நிலக்கரி என்று வைத்தால் நாளுக்கு 8,400 டன். அதில் கந்தகம் அரை சதவீதம் என்றால் 42 டன். கந்தகம் எரியும்போது தன் எடைக்குச் சமமான ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே புகைபோக்கி வழியே போவது ஏறக்குறைய 84 டன் கந்தக டை ஆக்சைடு. ஒரே அலகு, ஒரே நாள். நான்கைந்து அலகுகள் ஒரே வளாகத்தில் நிற்கும் ஊர்கள் நாட்டில் எத்தனையோ.

இதைப் பிடித்து வைக்கும் கருவிதான் துறையில் எல்லோரும் எஃப்.ஜி.டி. என்று சொல்லும் கந்தக நீக்கி. சுண்ணாம்புக்கல்லை அரைத்துக் கூழாக்கி, புகை மேலே ஏறும் கோபுரத்துக்குள் அதை மழைபோல் தெளிப்பார்கள். கந்தக டை ஆக்சைடு அந்தக் கூழில் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து, காற்று ஊதியதும் ஜிப்சமாக மாறும். நன்றாக ஓடும் கருவி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடித்துவிடும். நாம் எடுத்துக்கொண்ட அலகுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். 200 டன் அளவுக்கு ஜிப்சம் வெளியே வரும். அது சிமென்ட் ஆலைக்கும் ஜிப்சம் பலகைத் தொழிலுக்கும் போகும். உலகம் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும், வியப்பு எதுவும் இல்லாத பழைய தொழில்நுட்பம் இது.

இந்தியாவுக்கும் புதிதில்லை. மும்பை ட்ராம்பேயில் 1980களிலேயே கந்தக நீக்கி வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் தஹாணு இன்னும் பொருத்தமான உதாரணம். அது சப்போட்டாத் தோப்புகள் நிறைந்த கடலோர வட்டம். வார்லி பழங்குடி மக்களின் ஊர். அங்கே 500 மெகாவாட் நிலையம் வந்தபோது உள்ளூர் மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 1996இல் தஹாணு வட்டத்துக்கென்றே ஒரு சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்திரசேகர் தர்மாதிகாரி அதன் தலைவர். நிறுவனம் இழுத்தடித்தது. ஆணையம் விடவில்லை, வங்கி உத்தரவாதம் கட்டச் சொன்னது, திரும்பத் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தது. கடைசியில் 2007 வாக்கில் கந்தக நீக்கி ஓடத் தொடங்கியது. நாடு தழுவிய விதியே பிறக்காத காலம் அது. இந்திய நிறுவனம், இந்தியச் சட்டம் எல்லாம் அங்கேயும் அதேதான். கூடுதலாக இருந்தது ஒன்றே ஒன்று: அந்த இடத்திலேயே உட்கார்ந்து, தேதியைக் கேட்டுக்கொண்டே இருந்த ஓர் அதிகார அமைப்பு.

கெடு நகர்ந்த விதம்

2017 டிசம்பர் 7 வந்தது, போனது. அந்த மாதமே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிலையம் நிலையமாக உத்தரவு அனுப்பி, தில்லியைச் சுற்றியுள்ளவற்றுக்கு 2019 வரையும் மற்றவற்றுக்குப் படிப்படியாக 2022 வரையும் நேரம் கொடுத்தது. ஐந்து ஆண்டு நீட்டிப்பு. இரண்டு ஆண்டில் முடியாது என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று மின் நிலையங்கள் தரப்பில் சொன்னார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு கந்தக நீக்கியை டெண்டர் விட்டு, கட்டி, பழைய அலகோடு இணைக்க மூன்று ஆண்டு வரை ஆகலாம். ஆகவே இந்த முதல் நீட்டிப்பை நான் வாக்குமீறலாக எண்ணவில்லை. கெட்ட திட்டமிடல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து நடந்தவற்றுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. 2018 மே மாதத்தில் மின் அமைச்சகம் மின்சாரச் சட்டத்தின் 107ஆம் பிரிவைப் பயன்படுத்தி மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வழிகாட்டுதல் கொடுத்தது: இந்தக் கருவிகளுக்கு ஆகும் செலவைச் சட்ட மாற்றத்தால் வந்த செலவாகக் கருதி, மின் கட்டணத்தில் சேர்த்து வசூலித்துக்கொள்ளலாம். அதாவது முதலீடு நிறுவனத்தின் தலையில் நிற்காது. மின்சாரம் வாங்குபவரிடமிருந்து திரும்பி வந்துவிடும். பணத்துக்கு வழி இல்லை என்ற முதல் தடை அன்றே கொள்கையளவில் நீங்கிவிட்டது. இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

2019 முடிவில் தில்லி சுற்றுவட்ட நிலையங்களில் பெரும்பாலானவை கெடுவைத் தவறவிட்டன. வாரியம் அபராதம் போட்டது: அலகுக்கு மாதம் 18 லட்சம் ரூபாய். மேலே எண்ணிய அலகோடு சேர்த்துப் பாருங்கள். நாளுக்கு 1.2 கோடி யூனிட் விற்கும் அலகுக்கு, யூனிட் நான்கு ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாள் வருமானம் 4.8 கோடி. மாதத்துக்கு 18 லட்சம் என்பது ஒரு மணி நேர வருமானத்தைவிடக் குறைவு.

2021 மார்ச் இறுதியில் புதிய அறிவிக்கை. நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். தலைநகர் வட்டாரத்தை ஒட்டியோ, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ இருப்பவை அ வகை, கெடு 2022 இறுதி. மிக மோசமாக மாசுபட்ட பகுதிகள், காற்றுத் தர அளவை எட்டாத நகரங்கள் ஆகியவற்றிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை ஆ வகை, கெடு 2023. மீதி எல்லாம் இ வகை, கெடு 2024. அந்த மீதிதான் நாட்டின் நிலையங்களில் ஏறக்குறைய 78 சதவீதம். அவசரம் என்று பெயரிட்டு ஐந்தில் ஒரு பங்கை முன்னால் நிறுத்தி, ஐந்தில் நான்கு பங்கைப் பின்னால் தள்ளியது இந்தப் பிரிவினை. பிறகு வந்த ஒவ்வொரு முடிவும் இதன் மேல்தான் கட்டப்பட்டது.

அதே அறிவிக்கையில் தாமதத்துக்கு இழப்பீடும் வைத்தார்கள். அ வகைக்கு யூனிட்டுக்கு 10 பைசாவில் தொடங்கி, ஓர் ஆண்டுக்கு மேல் தாமதித்தால் 20 பைசா. இ வகைக்கு 5 பைசாவில் தொடங்கி அதிகபட்சம் 10 பைசா. கந்தக நீக்கி வைத்தால் யூனிட்டுக்கு 25 முதல் 30 பைசா வரை கூடும் என்று பின்னால் விலக்குக்கு வாதாடியவர்களே சொன்னார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கருவி வைப்பதைவிட அபராதம் கட்டுவது மலிவு. இந்த ஆய்வுக்காகப் படித்தவற்றில் என்னை நீண்ட நேரம் நிறுத்தியது இந்த ஒப்பீடுதான். சட்டத்தை மீறுவதற்கு ஒரு விலைப்பட்டியல் போட்டு, அந்த விலையைச் சட்டத்துக்குக் கட்டுப்படும் செலவுக்குக் கீழே வைத்தால், எந்த நிதி மேலாளரும் மீறுவதைத்தான் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2022இல் இந்த இழப்பீட்டை உயர்த்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதே திருத்தத்தில் கெடுவும் நகர்ந்துவிட்டதால், உயர்த்திய தொகையை வசூலிக்க வேண்டிய நாள் வரவில்லை.

அந்தத் திருத்தம் 2022 செப்டம்பர் 5. கந்தகத்துக்கு மட்டும் மூன்று வகைக்கும் இரண்டிரண்டு ஆண்டு: 2024, 2025, 2026. அடுத்தது 2024 டிசம்பர் 30. அ வகை நிலையங்களுக்குக் கெடு முடிய ஒரே ஒரு நாள் இருந்தது. அன்று வெளியான அறிவிக்கை மூன்று வகைக்கும் மேலும் மூன்று மூன்று ஆண்டு கொடுத்தது: 2027, 2028, 2029. கெடுவுக்கு முந்தைய நாள் வரும் நீட்டிப்பு, கெடுவை நம்பி முன்கூட்டியே செலவு செய்த நிலையத்துக்கு என்ன சொல்கிறது என்று யோசிக்க வேண்டும். நாட்டில் கருவி வைக்க வேண்டியவை என்று கண்டறிந்த 537 அலகுகளில் அப்போது வரை 39 அலகுகளில்தான் அது நிறுவப்பட்டிருந்தது. அந்த 39க்குப் பின்னால் இருப்பவர்கள் காலத்தில் வேலையை முடித்தார்கள்; அதற்கான செலவு அவர்களின் மின்சார விலையில் ஏறியது; விலை வரிசைப்படி எந்த நிலையத்தின் மின்சாரத்தை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கும்போது, கருவி வைக்காதவர் முன்னே போக இடம் உண்டானது. ஒழுங்காக நடந்தவர் நட்டப்படுவதும் தள்ளிப்போட்டவர் லாபப்படுவதும் மூன்று நான்கு சுற்று தொடர்ந்தால், ஐந்தாவது சுற்றில் யாரும் ஒழுங்காக நடக்க மாட்டார்கள்.

2025 ஜூலை 11 அன்று கடைசித் திருப்பம். இ வகை நிலையங்களுக்குக் கந்தக வரம்பு பொருந்தாது என்று அறிவித்தார்கள். நிபந்தனை ஒன்று உண்டு: புகைபோக்கி உயர விதியை நிறைவேற்றியிருக்க வேண்டும். ஆ வகைக்கு நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யும். அ வகைக்கு மட்டும் 2027 கெடு நிற்கிறது.

அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். புகைபோக்கி உயரம் என்பது 1990களின் விதி. 500 மெகாவாட் அலகுக்கு 275 மீட்டர் என்று அன்று கேட்டார்கள். அந்த உயரத்தில் கட்டியும் ஆயிற்று. ஆகவே 2025இன் நிபந்தனை பெரும்பாலான நிலையங்களிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2015இல் அரசே போதாது என்று தீர்மானித்துக் கைவிட்ட தர்க்கத்துக்கு, பத்து ஆண்டு கழித்து, ஐந்தில் நான்கு பங்கு நிலையங்களோடு திரும்பிப் போயிருக்கிறோம்.

அரசின் தரப்பு

அரசு காரணம் சொல்லாமல் இதைச் செய்யவில்லை. தேசிய உயர் ஆய்வு நிறுவனம், நீரி எனப்படும் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஐ.ஐ.டி. தில்லி ஆகியவற்றின் ஆய்வுகளையும், முதன்மை அறிவியல் ஆலோசகர் தலைமையிலான குழுவின் பரிந்துரையையும் முன்வைத்தது. வாதங்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரே எடை இல்லை.

முதல் வாதம், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது. உண்மை. பெரும்பாலும் அரை சதவீதத்துக்குக் கீழ்தான். ஆனால் இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், வெப்ப மதிப்பு குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நல்ல நிலக்கரியைவிடக் கூடுதலாக எரிக்க வேண்டியிருக்கிறது. எரிக்கும் அளவையும் சேர்த்துத்தான் கந்தகத்தை எண்ண வேண்டும். 84 டன் என்ற கணக்கு அரை சதவீதத்தை வைத்துப் போட்டதுதான். கந்தகம் குறைவான நிலக்கரி என்பது 2015இலும் தெரிந்த விஷயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் நிலக்கரி மாறிவிடவில்லை.

இரண்டாவது, நகரங்களில் அளந்து பார்த்தால் கந்தக டை ஆக்சைடு தேசிய அளவான 24 மணி நேரத்துக்கு 80 மைக்ரோகிராமுக்கு வெகுவாகக் கீழே இருக்கிறது. கருவி உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பது. கேட்க வலுவாக இருக்கும் இந்த வாதத்தின் ஓட்டை காற்றின் வேதியியலில் இருக்கிறது. கந்தக டை ஆக்சைடு புகைபோக்கியை விட்டு வெளியேறிய பிறகு அப்படியே இருப்பதில்லை. சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் அது சல்பேட்டாக மாறி, வயல்களிலிருந்தும் கால்நடைகளிலிருந்தும் எழும் அமோனியாவோடு சேர்ந்து, அமோனியம் சல்பேட் நுண்துகளாகிவிடும். அதுதான் நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்தில் கலக்கும் பி.எம். 2.5 வகைத் துகள். 275 மீட்டர் உயரத்தில் விட்ட புகை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். போய்ச் சேரும்போது அது வாயுவாக இருக்காது, துகளாக இருக்கும். புகைபோக்கிக்குப் பக்கத்து ஊரில் வாயுவை அளந்து, இல்லை என்று சொல்வது, வேறு மாவட்டத்தில் துகளாக விழுந்ததைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதாகும். அந்தத் துகளுக்கு இந்தியாவின் ஆண்டு அளவு 40 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவு 5. வட இந்திய நகரங்கள் பலவற்றில் நமது 40ஐயே எட்ட முடியவில்லை.

இந்தப் புள்ளியில் அரசின் ஒரு கை இன்னொரு கைக்கு எதிராக வேலை செய்கிறது. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் ஏறக்குறைய 130 நகரங்களில் துகள் மாசைக் குறைக்கப் பணம் செலவிடுகிறது. தெருவைக் கூட்டும் இயந்திரம், தண்ணீர் தெளிக்கும் லாரி என்று அந்தப் பணம் போகிறது. வெளியிலிருந்து காற்றோடு வரும் சல்பேட்டை அந்த லாரி தொடாது.

மூன்றாவது வாதம் கரியமில வாயு. எல்லா நிலையங்களிலும் கருவி வைத்தால் 2025க்கும் 2030க்கும் இடையே 1.7 கோடி டன் கந்தக டை ஆக்சைடு குறையும், ஆனால் 6.9 கோடி டன் கரியமில வாயு கூடும் என்று ஆய்வு சொல்கிறது. சுண்ணாம்புக்கல் வினைபுரியும்போது கரியமில வாயு வெளிவருவதும், கருவியை ஓட்ட நிலையத்தின் மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம் வரை போவதும் உண்மைதான். அளவைப் பார்ப்போம். நமது 500 மெகாவாட் அலகு நாளுக்கு 11,000 டன்னுக்கு மேல் கரியமில வாயு விடுகிறது. கந்தக நீக்கியால் கூடுவது, சுண்ணாம்பும் மின்சாரமும் சேர்த்து, 200 டன் சொச்சம். இரண்டு சதவீதம். இந்த இரண்டு சதவீதத்தைக் காட்டி, பக்கத்தில் வாழ்பவரின் நுரையீரலுக்குப் போகும் நச்சில் தொண்ணூறு சதவீதத்தை அப்படியே விடலாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காலநிலை வாக்கைக் காரணம் காட்டி காற்று வாக்கை விலக்குவது, இரண்டு வாக்கும் ஒரே மக்களுக்குக் கொடுத்தவை என்பதை மறப்பதாகும்.

நான்காவது, பணம். மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 1.2 கோடி ரூபாய், மொத்தம் 2.5 லட்சம் கோடி அளவுக்கு என்று கணக்கு. பெரிய தொகைதான், கடனில் தத்தளிக்கும் மின் பகிர்மான நிறுவனங்களுக்கு யூனிட்டுக்கு 25 பைசாவும் சுமைதான். நான்கு வாதங்களில் இதையே உண்மையான காரணமாக நான் எடுத்துக்கொள்கிறேன். நிலையங்கள் இருக்கும் இடத்துக்கேற்ப வரம்பு வைக்கலாம் என்று மத்திய மின்சார ஆணையம் 2020 வாக்கிலேயே பேசத் தொடங்கியதும், ஒவ்வொரு நீட்டிப்புக்கும் மின் அமைச்சகமே சுற்றுச்சூழல் அமைச்சகத்தைக் கேட்டதும் இதோடு பொருந்துகின்றன. அப்படியென்றால் அதை நேராகச் சொல்லி விவாதித்திருக்கலாம்: எந்த நிலையங்கள் இன்னும் பத்து ஆண்டில் மூடப்படும், எவை இருபது முப்பது ஆண்டு ஓடும், முதலில் எதற்குச் செலவிட வேண்டும், பகிர்மான நிறுவனத்துக்கு மத்திய அரசு எவ்வளவு உதவும். அப்படிப்பட்ட கணக்கு நம் முன் வைக்கப்படவில்லை. விலக்கின் அளவுகோல் நிலையத்தின் வயதோ, உமிழும் அளவோ அல்ல. நகரங்களிலிருந்தும் மோசமாக மாசுபட்ட பகுதிகளிலிருந்தும் 10 கிலோமீட்டர் என்ற ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் கிராமத்தானின் மூச்சு, உள்ளே இருக்கும் நகரத்தானின் மூச்சைவிடக் குறைந்தது என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. நிலையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருப்பவர் அந்த மின்சாரத்தில் கொஞ்சம்தான் பயன்படுத்துகிறார். பெரும்பகுதி தொலைவு நகரங்களுக்குப் போகிறது.

சீனாவோடு ஒரு ஒப்பீடு

செலவு தாங்காது என்பதற்குப் பதிலாக ஒரு நாட்டின் அனுபவம் கண்ணெதிரே இருக்கிறது. சீனா 2006 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுத் திட்டத்தில் கந்தக டை ஆக்சைடை 10 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தது. கருவி வைத்த நிலையங்களின் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 1.5 ஃபென் (யுவானில் நூறில் ஒரு பங்கு ஒரு ஃபென்) கூடுதல் விலை கொடுத்தது. முதலில் பலர் கருவியை நிறுவிவிட்டு, செலவை மிச்சம் பிடிக்க அதை ஓட்டாமல் வைத்திருந்தார்கள். அரசு புகைபோக்கியிலேயே தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்தி, ஓட்டாத நேரத்துக்கு அந்தக் கூடுதல் விலையைத் திரும்பப் பிடித்து, அபராதமும் போட்டது. ஒழுங்காக நடப்பது லாபம், ஏமாற்றுவது நட்டம் என்று கணக்கைத் திருப்பிவிட்டது. 2017இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு, 2007க்குப் பிறகு சீனாவின் கந்தக டை ஆக்சைடு 75 சதவீதம் குறைந்ததையும் இந்தியாவினுடையது 50 சதவீதம் கூடியதையும், உலகின் மிகப் பெரிய உமிழ்வாளர் என்ற இடத்துக்கு இந்தியா வந்துகொண்டிருப்பதையும் காட்டியது. சீனாவின் ஆட்சிமுறை நமக்கு வேண்டாம். யூனிட் விலையில் ஒரு சலுகையும் ஒரு தண்டனையும் வைப்பதற்கு அந்த ஆட்சிமுறை தேவையும் இல்லை. நம்மிடமும் 2018இன் 107ஆம் பிரிவு வழிகாட்டுதல் இருந்தது, புகைபோக்கிகளில் இணையவழிக் கண்காணிப்புக் கருவிகளும் இருக்கின்றன.

என் தீர்ப்பு

நான்கு நீட்டிப்பு, ஒரு விலக்கு, 537க்கு 39. இந்தப் பதிவை வைத்துக்கொண்டு மத்திய அரசு இந்த வாக்கைக் காப்பாற்றியது என்று சொல்ல வழியில்லை. காப்பாற்ற முயன்று தோற்றது என்றும் சொல்ல முடியவில்லை. முயற்சி என்றால் தவறியவரிடம் வசூலித்திருக்க வேண்டும், முடித்தவரைக் காத்திருக்க வேண்டும்.

இதைச் சட்டமாகவும் பார்க்க வேண்டும். போபாலுக்குப் பிறகு 1986இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், வரம்பை வைக்கும் அதிகாரத்தையும் தளர்த்தும் அதிகாரத்தையும் ஒரே அமைச்சகத்திடம் கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு தேவையில்லை. ஓர் அரசிதழ் அறிவிக்கை போதும். தூய காற்று அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின் கீழ் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கிலேயே சொல்லிவிட்டது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காப்பு பெறும் உரிமையையும் 2024இல் ரஞ்சித்சிங் வழக்கில் ஏற்றது. உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. அதன் அளவு மட்டும், 200 மில்லிகிராமா, வரம்பே இல்லையா என்பது, அமைச்சகத்தின் ஒரு கையெழுத்தில் மாறுகிறது. ஒருமுறை வைத்த சுற்றுச்சூழல் வரம்பைத் தளர்த்த வேண்டுமென்றால் வரைவை முன்கூட்டி வெளியிட்டு, ஆய்வு அறிக்கைகளை முழுமையாகத் திறந்து வைத்து, பாதிக்கப்படும் மாவட்டங்களில் கருத்துக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் ஒரு தடை இருந்திருந்தால், 2024 டிசம்பர் 30 போன்ற நாள் வந்திருக்காது.

இப்போதைக்குக் கைக்கு எட்டும் வேலை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆ வகை நிலையங்கள் ஒவ்வொன்றாக நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்கு முன் வரும். அந்தக் கூட்டக் குறிப்புகள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வெளியாகும். எந்த அளவீட்டை வைத்து விலக்கு கேட்கிறார்கள், வாயுவை மட்டும் பார்த்தார்களா, சல்பேட் துகளையும் பார்த்தார்களா என்று அங்கே படித்துத் தெரிந்துகொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் செய்யலாம். மற்றது அ வகையின் 2027 டிசம்பர் இறுதிக் கெடு. கருவி கட்டி முடிக்க மூன்று ஆண்டு வரை ஆகும் என்று இந்தத் துறையே சொல்லியிருப்பதால், 2027இல் ஓட வேண்டியவற்றுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகி, அடித்தளம் போட்டு, வேலை பாதி முடிந்திருக்க வேண்டும். தன் நகரத்துக்குப் பக்கத்து நிலையத்தில் அது நடந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் கேள்வி நேரத்தில் கேட்கலாம். மின் அமைச்சகம் அலகுவாரியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.